டெனிஸைப் பற்றி நான் கொடுத்த முறைப்பாடு

மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கடிதம் எழுதுவார்கள். நான் கடிதம் எழுதத் தொடங்கினால் கோபம் போய்விடும். இது பிறவிக் குறையா, பள்ளிக்கூடத்தில் தொற்றிய நோயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் குறையால் ஒரு வீட்டையே தொலைக்கப் பார்த்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

லண்டனில் எந்தக் கவுன்சில் என்று சொல்ல மாட்டேன். (எங்கட குளியலறைக் கூரை இன்னும் ஒழுகுது. அவையோடை எனக்கு அலுவல் முடியேல்லை.)

இங்கே கவுன்சிலுக்கு, அதாவது நகரசபைக்குச் சொந்தமான வீட்டில் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தவர்கள், அந்த வீட்டையே சலுகை விலையில் வாங்கலாம். ‘ரைட் டு பை’ என்பார்கள். மகள் ஆதிரை பிறந்த வருடம், இலையுதிர் காலத்தில், அந்தச் சலுகையை வெட்டப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. குறித்த நாளுக்கு முன் விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்தால் பழைய சலுகை. பிந்தினால் பெயருக்கு ஏதோ கொஞ்சம். பழைய சலுகை இல்லாமல் அந்த வீட்டை வாங்க எங்களுக்கு இந்தப் பிறவியில் ஏலாது.

என் கணவர் கஜன் பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். எட்டு வீடு மாறியவர். எந்த வீட்டிலும் சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. போகும்போது ஓட்டையை அடைத்துக் கொடுக்க வேண்டும் என்ற பயம். எங்கள் கல்யாணப் படம்கூட அலுமாரியின் மேல் சாய்ந்துதான் நின்றது. கதவை அடித்துச் சாத்தினால் நாங்கள் இருவரும் குப்புற விழுவோம். நான்தான் போய் நிமிர்த்தி வைப்பேன்.

ஒரு நாள் அவர் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நீர் படிச்ச ஆள். இதை நீரே பாரும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், இந்த வீடு மட்டும் போதும்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. தேத்தண்ணி கூடத் தானே போட்டுக் குடிக்கிற மனிதர். ஊரில் மூன்று வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்த நான், இங்கே வந்த பிறகு வாசித்த ஆங்கிலம் பெரும்பாலும் குழந்தை மருந்துப் போத்தல்களில் இருப்பதுதான். எனவே அந்தப் படிவத்தை ஒரு பரீட்சை போல எடுத்துக்கொண்டேன். நான்கு பிரதி எடுத்து அவற்றில் எழுதிப் பழகி, ஐந்தாவதாக அசலை நிரப்பினேன். இறுதி நாளுக்கு ஒன்பது நாள் முன்பாகவே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பற்றுச்சீட்டைப் படம் பிடித்தேன். அந்தப் படத்தை அச்செடுத்தேன். அச்சு மங்கிவிடுமோ என்று அதற்கும் ஒரு பிரதி எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு, குழந்தையின் தடுப்பூசிப் புத்தகத்துக்குக் கீழே வைத்தேன்.

பிறகு காத்திருந்தோம்.

நான்கு கிழமைக்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று கவுன்சில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான்கு கிழமை போனது. டிசம்பரில் நத்தார் போனது. பொங்கல் போனது. ஆதிரை குப்புறப் படுத்தாள், நிமிர்ந்து இருந்தாள், தவழ்ந்தாள். கவுன்சில் மட்டும் அசையவில்லை.

கஜன் விடிய முதல் எழும்பி சுப்பர்மார்க்கெட்டின் வான் ஓட்டிச் சாமான் விநியோகிக்கப் போவார். பின்னேரம் வந்து மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டு, பெற்றோல் ஸ்டேஷனில் இரண்டாவது வேலைக்குப் போவார். இடையில் நானும் குழந்தையும் இரண்டாம் மாடியில். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமுவார்கள். ஒரு நாள் நானும் பதிலுக்கு இருமிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அங்கே இருமல் சத்தமே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வீடியோவில் கேட்பார்: “அங்கை ஆக்கள் வந்து போறவையோ பிள்ளை?”

“ஓம் அம்மா. ஒரே சனம்.”

(அந்த மாதம் வந்த சனம்: மின்மானி பார்க்க ஒருவர்.)

ஆகவே கவுன்சிலுக்கு போன் எடுப்பது எனக்கு ஒரு கடமையாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு பெண் குரல் சொல்லும். பதிவுசெய்த குரல் என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் நான் ‘தாங்யூ’ என்றேன். பகல் வேளையில் என்னை முக்கியம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதன் பிறகு பியானோ. எந்த இடத்தில் அந்தப் பியானோ கொஞ்சம் தடுமாறும் என்றுகூட எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஆதிரை தலையாட்டுவாள்.

ஒரே ஒரு நாள் பியானோ நடுவில் நின்று, உயிருள்ள ஒரு பெண் குரல் வந்தது. அவர் பெயர் டெனிஸ். ரைட் டு பை பிரிவு. அவர் பேசியது அசல் லண்டன் ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே தருகிறேன்.

“விண்ணப்பமோ? எல்லாரும் கடைசி நேரத்திலை ஒரேயடியாய் அனுப்பிப் போட்டினம் பிள்ளை. இஞ்சை மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு. நானும் இன்னும் ஒரு ஆளும்தான். அந்த ஆளும் இப்ப சுகமில்லாமல் லீவிலை.” (அவர் ‘லவ்’ என்றார். அதை நான் ‘பிள்ளை’ என்று எடுத்துக்கொண்டேன்.)

“பரவாயில்லை, பரவாயில்லை,” என்றேன். பரவாயில்லாமல்தான் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன்.

“ஆர் அது பின்னாலை அழுகிறது?”

“மகள்.”

“என்ன பேர்?”

“ஆதிரை.”

அவர் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. “வடிவான பேர்,” என்றார். “அவவுக்குப் பசிக்குது போல. நீங்கள் போங்கோ. உங்கட விண்ணப்பம் வரும்.”

போனை வைத்த பிறகுதான், விண்ணப்ப இலக்கத்தைச் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கஜன் வந்து, “என்னவாம்?” என்று கேட்டபோது, “பேர் வடிவாம்,” என்றேன்.

இதைக் கேள்விப்பட்டு கிங்ஸ்பரியிலிருந்து மச்சாள் போன் எடுத்தார். சுகந்தி மச்சாள் கஜனின் அக்கா. எப்போதோ தன் கவுன்சில் வீட்டை வாங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் கட்டி, இப்போது கார் நிறுத்த இடமில்லாமல் இருப்பவர்.

“நீர் உப்பிடி மெத்தெண்டு கதைச்சால் அவங்கள் உம்மைக் கணக்கெடுக்க மாட்டாங்கள். முறைப்பாடு எழுதும். எழுத்திலை குடுத்தால்தான் அவங்களுக்குப் பயம்.”

“அந்த மனிசி பாவம் மச்சாள். தனிய நிண்டு வேலை செய்யுது.”

“நீர் என்ன, அவவின்ரை வீட்டையோ வாங்கப் போறீர்?”

நியாயமான கேள்வி. ஆதிரை மத்தியானம் தூங்கும் நேரங்களில் எழுதத் தொடங்கினேன். பள்ளியில் கடிதத்துக்கு ஒரு முறை உண்டு. முதல் பந்தியில் நலம் விசாரித்து நன்றி. இரண்டாம் பந்தியில் விடயம். மூன்றாம் பந்தியில் மீண்டும் நன்றி. கடிதம் எழுதுவதில் நான் எப்போதும் முழுப் புள்ளி வாங்கியவள். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குச் சண்டைக்குப் போனால்கூட, “என்ன, சுகமாய் இருக்கிறியளோ?” என்று கேட்டுத்தான் தொடங்குவோம்.

முதல் வரைவில் இரண்டாம் பந்தி இப்படி இருந்தது: ‘ஐந்து மாதங்களாகப் பதில் தராமல் நீங்கள் சட்டத்தை மீறியிருக்கிறீர்கள்.’ எழுதிவிட்டுப் பார்த்தேன். இதை டெனிஸ் வாசித்தால்?

இரண்டாம் வரைவு: ‘ஐந்து மாதங்களாகப் பதில் கிடைக்கவில்லை.’

ஐந்தாம் வரைவு: ‘பதில் தாமதமாவது உங்கள் வேலைப்பளுவினால் என்பதை நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.’

பதினோராம் வரைவு, அதாவது அனுப்பியது: ‘இவ்வளவு வேலைப்பளுவின் நடுவிலும் எங்கள் விண்ணப்பம் டெனிஸ் அவர்களின் பாதுகாப்பான கைகளில் இருப்பது எங்களுக்கு ஆறுதல்.’

விடயம் சுருங்கச் சுருங்க நன்றி பெருத்தது. ‘டெனிஸ் அவர்கள் என் குழந்தையின் பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லப் பழகினார்’ என்று எழுதினேன். ‘இந்த நாட்டுக்கு வந்தபின் என் குழந்தையின் பெயரைத் தானாகக் கேட்ட முதல் ஆள் அவர்’ என்றும் எழுதினேன். அதை அழிக்க நினைத்தேன். அழிக்கவில்லை.

கவுன்சிலின் இணையப் பக்கத்தில் மூன்று பெட்டிகள். முறைப்பாடு, கருத்து, பாராட்டு. முறைப்பாட்டில் டிக் போட்டேன். ‘இது விசாரிக்கப்படும், சம்பந்தப்பட்ட ஊழியருக்கு அறிவிக்கப்படும்’ என்று ஒரு வரி வந்தது. டெனிஸின் வேலை போய்விடுமோ? அவருக்கும் பிள்ளைகள் இருக்குமோ? டிக்கை எடுத்துவிட்டுக் கருத்தில் போட்டேன். அங்கேயிருந்து அதை வாசித்த யாரோ ஒரு நல்ல மனிதர் மூன்றாவது பெட்டிக்கு நகர்த்தியிருக்க வேண்டும். வாசித்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது. ‘டெனிஸ் தொடர்பாக நீங்கள் அனுப்பியது கிடைத்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டவுன் ஹோலில் அது சபையில் வாசிக்கப்படும். நீங்களும் நேரில் வந்து சில வார்த்தைகள் சொல்ல விரும்பினால் மகிழ்வோம். குழந்தைகள் வரலாம். சிற்றுண்டி வழங்கப்படும்.’

“விசாரணை,” என்றேன் கஜனிடம்.

“விசாரணைக்குச் சிற்றுண்டி குடுப்பினமோ?”

“இது லண்டன். இஞ்சை எல்லாம் முறையாய்த்தான் செய்வினம்.” (இந்த வசனத்தை அவர் இன்றைக்கும் எனக்குச் சொல்லிக் காட்டுவார்.)

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மச்சாள் போனிலேயே பயிற்சி தந்தார். “மேசையிலை அடிச்சுக் கதையும். ஐஞ்சு மாசம் எண்டு சொல்லேக்கை ஒரு அடி. சட்டம் எண்டு சொல்லேக்கை ஒரு அடி.” வீட்டில் எங்களிடம் இருந்த உயரமான மேசை ஆதிரையின் சாப்பாட்டுக் கதிரைத் தட்டுத்தான். அதில் அடித்துப் பழகினேன். “ஐந்து மாதம்.” டப். “சட்டம்.” டப். எனக்கு அந்த அடி கடைசிவரை சரியாக வரவில்லை. கதிரையில் இருந்த ஆதிரைக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது.

வியாழக்கிழமை கறுப்புக் கோட்டைப் போட்டு, நீலக் கோப்பை எடுத்து, குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு டவுன் ஹோலுக்குப் போனேன். மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். இவ்வளவு பேருக்கும் முறைப்பாடா என்று முதலில் மலைத்தேன். பிறகு ஒரு நிம்மதி வந்தது. நான் மட்டும் இல்லை. மாதக்கணக்கில் எனக்கு வராத ஓர் உணர்வு அது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன்.

“நீங்கள் எதைப் பற்றி எழுதினீங்கள்?”

“எங்கட ரோட்டிலை குப்பை அள்ளுற ஆக்களைப் பற்றி.”

“எவ்வளவு காலமாய்?”

“ஏழு வருசம்.”

“ஏழு வருசமோ,” என்று நெஞ்சில் கை வைத்தேன். “கவலைப்படாதேங்கோ. இண்டைக்கு அவைக்கு ஒரு முடிவு கட்டுவினம்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கழுத்தில் பெரிய சங்கிலி போட்ட ஒருவர் மேடைக்கு வந்தார். துணை மேயர். நீதிபதி என்று நினைத்து எழும்பி நின்றேன். வேறு யாரும் எழும்பவில்லை. மறுபடி கதிரையில் இருந்தேன். அவர் ஒரு தாளை எடுத்து, நல்ல கனத்த குரலில் வாசித்தார்.

“‘நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்...’”

என் வசனம். என் முழுப் புள்ளி வசனம்.

அவர் வாசிக்க வாசிக்க, எனக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. மேடையில் தொங்கிய துணியை அப்போதுதான் வாசித்தேன். ‘எங்கள் ஊழியர்களுக்கு மக்களின் நன்றி.’ வந்ததிலிருந்து அதற்கு முன்னால்தான் இருந்தேன். ‘பாதுகாப்பான கைகளில்’ என்ற இடத்தில் முன் வரிசை தலையாட்டியது. குழந்தையின் பெயர் வந்த இடத்தில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தார். ‘தானாகக் கேட்ட முதல் ஆள்’ என்ற இடமும் வந்தது. என் வீட்டுச் சுவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, சங்கிலி போட்ட ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் வண்டிலின் சில்லு கிழவரின் கதிரைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தது.

“இந்தக் கடிதத்தை எழுதிய தாய் எங்களோடு இருக்கிறார்.”

கைதட்டல். ஆதிரையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஏனோ கோப்பையும் எடுத்துக்கொண்டு மேடையேறினேன். யாரோ என் கையில் ஒரு பூச்செண்டைத் திணித்தார். எதிரே டெனிஸ். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். ஐம்பது தாண்டியிருக்கும். புதிதாக வாங்கிய சட்டை. சட்டைக் கையின் அடியில் கடையின் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. கண் கலங்கியிருந்தது.

“பதினாலு வருசத்திலை,” என்று என் காதோடு சொன்னார், “எனக்கு ஆரும் ஒரு நல்ல வார்த்தை எழுதேல்லை.”

“சில வார்த்தைகள்,” என்றார் துணை மேயர்.

கோப்பைத் திறந்து மேசையில் வைத்தேன். முதல் தாளில் நானே சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘ஒன்று. ஐந்து மாதம் (அடி). இரண்டு. சட்டம் (அடி).’ மைக்கைப் பார்த்தேன். டெனிஸைப் பார்த்தேன். அந்த விலைச்சீட்டைப் பார்த்தேன்.

“டெனிஸ் மிகவும் நல்லவர்,” என்று பூச்செண்டை அவரிடம் நீட்டினேன்.

அப்போது ஆதிரை முன்னால் இருந்த மேசையைக் கண்டாள். குனிந்து, உள்ளங்கையால் ஓர் அடி. டப். பிறகு இன்னொன்று. டப். மைக்கில் அது இடி போலக் கேட்டது. மண்டபமே சிரித்தது. படம் பிடிப்பவர் அந்த நேரம் பார்த்துப் பிடித்தார்.

தேநீர் வேளையில் டெனிஸ் கேக் துண்டோடு என்னிடம் வந்தார். “வீட்டு அலுவல் எல்லாம் முடிஞ்சுதோ பிள்ளை? வாங்கிப் போட்டியள்தானே?”

இதோ, கேட்டுவிட்டார். ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். ஆனால் அவர் கையில் அந்தப் பூச்செண்டைக் குழந்தை போலத் தூக்கி வைத்திருந்தார்.

“எல்லாம் நல்லபடி நடக்குது,” என்றேன். கேக்குக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பில் யாரும் இல்லை. போன் அடித்தது. கஜன், வானை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்திருந்தார்.

“என்ன சொன்னவை?”

“பூ குடுத்தனான்.”

“ஆருக்கு?”

“அவவுக்கு.”

மறுபக்கத்தில் வானின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிப்பது மட்டும் கேட்டது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“சரி,” என்றார். “குளிருது. பிள்ளையைப் போத்திக்கொண்டு வீட்டை போம். படம் அலுமாரிக்கு மேலை நிண்டால் என்ன, நல்லாத்தானே நிக்குது.”

பஸ் வந்தது. சாரதி கதவைத் திறந்து, வண்டில் ஏற இடம் விட்டுக் காத்திருந்தார். நான் “சொரி” என்றேன். அவருக்கும் நன்றி சொன்னேன். திரும்பி நடந்தேன்.

மண்டபம் காலியாகியிருந்தது. டெனிஸ் மட்டும் நின்று கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். தனக்கான விழா முடிந்த மண்டபத்தைத் தானே ஒதுக்கிக்கொண்டிருந்தார். பூச்செண்டு ஒரு தண்ணீர்க் குவளைக்குள் சாய்ந்து நின்றது.

“எதையும் விட்டிட்டுப் போனீங்களோ?”

“ஓம்,” என்றேன். “இரண்டாம் பந்தியை.”

அவருக்கு விளங்கவில்லை. “நான் எழுதினது முறைப்பாடு. எங்களுக்கு ஒரு பதிலும் வரேல்லை. நவம்பரிலை அனுப்பினது.” பிறகு, பழக்கதோஷத்தில், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன்.

டெனிஸ் மெதுவாக ஒரு கதிரையில் இருந்தார். பைக்குள் இருந்து மடிக்கணினியை எடுத்து, எங்கள் முகவரியைக் கேட்டுத் தட்டினார். ஒரு முறை. மறுபடியும் ஒரு முறை.

“உங்கட பேரிலை ஒண்டுமே இல்லையே. விண்ணப்பம் கிடைச்சதாயே பதிவில்லை.”

“வந்திருக்கும். மலைக்குள்ளை இருக்கும்.”

“பதிவிலை இல்லாட்டி, திகதிக்கு முதல் வந்ததெண்டு நான் எப்பிடிக் காட்டுறது? அப்பிடியெண்டால் பழைய சலுகை இல்லைப் பிள்ளை.” அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “இந்த மாசத்துக்குள்ளை மிச்சக் கோப்பு எல்லாம் மூடுறம். நீங்கள் இண்டைக்கு வந்திராட்டில்...”

நீலக் கோப்பைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டின் படம். படத்தின் அச்சு. அச்சின் பிரதி. கவுன்சிலில் யாரோ கையெழுத்து வைத்து வாங்கியதற்கான தபால்காரர் பதிவு, அதிலும் இரண்டு பிரதி. டெனிஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நாலாவது பிரதியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் வெறும் மண்டபத்தில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தோம். முதலில் நிறுத்தியது அவர்தான்.

“இதை முறைப்பாடாய்ப் போட்டிருந்தால் பத்து வேலைநாளிலை பதில் வந்திருக்கும். பாராட்டுக்கு ஆரும் பதில் போடுறேல்லை. அதுக்குக் கேக் மட்டும்தான்.” கணினியை என் பக்கம் திருப்பினார். “இப்ப போடுங்கோ. என்ரை மேலை.”

“உங்கட பேரை நான் போட மாட்டன்.”

“போடாட்டி அது திரும்ப என்ரை மேசைக்குத்தான் வரும். என்ரை மேசையைப் பற்றித்தான் இப்ப உங்களுக்குத் தெரியுமே. போட்டால் எனக்கு மேலை இருக்கிற ஆளிட்டைப் போகும்.”

இப்படியாக, பாராட்டு வாங்கிய அன்றே, தன் மேல் ஒரு முறைப்பாட்டை டெனிஸ் எனக்குச் சொல்லிச் சொல்லி எழுதுவித்தார். ‘நீங்கள் நலமாக இருப்பீர்கள்’ என்று தொடங்கினேன்.

“வெட்டுங்கோ.”

‘தயவுசெய்து’ என்று போட்டேன்.

“அதையும்.”

‘டெனிஸ் அவர்கள் தனியாக நின்று...’

“பிள்ளை,” என்றார், “எனக்குப் பூ கிடைச்சிட்டுது. இப்ப நீங்கள் வீட்டை வாங்குங்கோ.”

கடைசியில் ஐந்து வரிதான் மிஞ்சியது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகக் குறுகிய கடிதம். முதல் பெட்டியில் டிக் போடச் சொன்னார். என் விரல் தயங்கியது. ஆதிரை எட்டி விசைப்பலகையில் ஓர் அடி அடித்தாள். டிக் விழவில்லை, ஏதோ பாட்டுத்தான் தொடங்கியது. நானே போட்டேன்.

பத்தாவது வேலைநாளில் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் உரிய நேரத்தில் வந்ததாக ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகும் மதிப்பீட்டாளர், வழக்கறிஞர், வங்கி என்று மாதங்கள் இழுத்தது. ஆனால் ஒவ்வொரு இழுவைக்கும் நான் ஐந்து வரி எழுதப் பழகியிருந்தேன்.

வீடு எங்களுடையதான நாளில் ஒன்றுமே நடக்கவில்லை. வழக்கறிஞரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல். நாங்கள் ஏற்கனவே உள்ளே இருந்தபடியால் சாவி தரக்கூட யாரும் வரவில்லை. கஜன் வேலையில். ஆதிரை தூக்கத்தில். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.’ “தாங்யூ.” பியானோ. பிறகு ஓர் இளம் குரல். டெனிஸ் இப்போது அங்கே வேலை செய்வதில்லை, ஓய்வு பெற்றுவிட்டார் என்றது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். போனை வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் குரலும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றது.

பின்னேரம் கஜன் கடையிலிருந்து ஒரு சுத்தியலும் ஆணிப் பெட்டியும் வாங்கிவந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கூடத்துச் சுவருக்கு முன்னால் நின்று, ஆணியை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார். முதல் அடியை அவர் அடித்தபோது எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள்.

கல்யாணப் படத்தை அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்து நீட்டினேன். “அது பிறகு,” என்றார். பைக்குள் இருந்து சட்டம் போட்ட இன்னொரு படத்தை எடுத்தார். கவுன்சில் மாதாந்தம் வீடுகளுக்குப் போடும் பத்திரிகையின் பக்கம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு டெனிஸுக்குப் பூச்செண்டு நீட்டுகிறேன். கீழே, ‘மனநிறைவு கொண்ட குடியிருப்பாளர் ஒருவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆதிரையின் கை மட்டும், மேசைக்கு மேலே, அசைந்ததில் கலங்கித் தெரிகிறது.

அது இப்போதும் அங்கேதான் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் (இப்போது வருகிறார்கள்; எதிர்வீட்டு இருமல்காரர் உட்பட) சுகந்தி மச்சாள் அவர்களைப் பிடித்து நிறுத்திக் கதை சொல்வார். “இவவோடை கவனமாய் இருக்க வேணும்,” என்று முடிப்பார். “கோவம் வந்தால் பூ குடுப்பா.”

கஜன் சமைத்தது நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எந்தப் பெட்டியிலை டிக் போட?” என்று கேட்பார். ஆதிரைக்கு இரண்டு வயது. அவளைப் பற்றி அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை. சோறு பிந்தினால் மேசையில் ஓர் அடி. டப். அடுத்த நிமிடம் சோறு வந்துவிடும்.